வாலஸின் மனைவி: எது கதை, எது வரலாறு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸைப் பற்றிய பிரேவ்ஹார்ட் படம் 1995இல் வந்தது. அதில் அவருடைய மனைவியை ஆங்கிலேயர் கொல்கிறார்கள். இன்றும் அதை முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் போரைப் பற்றிக் கேட்பதில்லை. "அந்தப் பொண்ணை நிஜமாவே கொன்னாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். ஸ்காட்லாந்து வரலாற்றில் எனக்கு ஆர்வம் உண்டு என்று தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு முறையாவது இதே சந்தேகங்களைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை. அதனால் மேலிருந்து படித்தால் நல்லது.

இந்த வில்லியம் வாலஸ் நிஜ ஆள்தானா?

நிஜ ஆள்தான். 1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்துக்குள் படையோடு புகுந்து, அங்கிருந்த அரசர் ஜான் பேலியலைப் பதவியிலிருந்து இறக்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் லனார்க் என்ற ஊரில் ஆங்கிலேய ஷெரீஃப் ஒருவரை, அதாவது அரசர் சார்பில் அந்தப் பகுதியை நிர்வகித்த அதிகாரியை, வாலஸ் கொன்றார். 1297 செப்டம்பர் 11 அன்று அவரும் ஆண்ட்ரூ மரே என்பவரும் சேர்ந்து ஸ்டர்லிங் பாலத்தில் ஆங்கிலப் படையை முறியடித்தார்கள். அப்புறம் வாலஸ் நாட்டின் காவலராக, அதாவது அரசர் இல்லாத நேரத்தில் ஆட்சியைக் கவனிப்பவராக, நியமிக்கப்பட்டார். 1298 ஜூலை 22 அன்று ஃபால்கிர்க்கில் தோற்றார். 1305 ஆகஸ்ட் தொடக்கத்தில் கிளாஸ்கோ அருகே பிடிபட்டு, அதே மாதம் 23ஆம் தேதி லண்டனில் ஸ்மித்ஃபீல்டு என்ற இடத்தில் கொடூரமாகக் கொல்லப்பட்டார்.

இவையெல்லாம் அந்தக் காலத்து ஆவணங்களிலும் அதையொட்டி எழுதப்பட்ட வரலாறுகளிலும் இருப்பவை. அவரை விரும்பியவர்களும் வெறுத்தவர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். சண்டை அவரது குடும்பத்தைப் பற்றிப் பேசும்போதுதான் ஆரம்பிக்கிறது.

சரி, அவருக்கு மனைவி இருந்தாளா இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்க.

அவர் உயிரோடு இருந்த காலத்து ஆவணம் எதிலும் மனைவி இல்லை. திருமணம், குழந்தை எதைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை.

ஒரு பெண் முதன்முதலாக எழுத்தில் வருவது ஏறத்தாழ 1420இல். அதாவது சம்பவம் நடந்து சுமார் 120 ஆண்டுகள் கழித்து. அங்கே அவளுக்குப் பெயர் இல்லை, திருமணமும் இல்லை. அவள் வாலஸின் காதலி, அவ்வளவுதான். இன்னும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் போன பிறகே அவளுக்கு அப்பா, சொத்து, தாலிகட்டு, குழந்தை எல்லாம் வந்து சேர்கின்றன. லனார்க்கில் ஒரு பெண் வாலஸுக்காக உயிரை விட்டிருக்க வாய்ப்பு உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் பிற்காலக் கதைகள் அவளுக்குத் தந்த மரியன் பிரெய்ட்ஃபூட் என்ற பெயரில் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதும் அளவுக்கு நம்மிடம் எதுவும் இல்லை.

மரியன் பிரெய்ட்ஃபூட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

பிளைண்ட் ஹாரி, அதாவது குருட்டு ஹாரி என்ற கவிஞர் 1477 வாக்கில் வாலஸைப் பற்றி ஒரு நீண்ட காவியம் பாடினார். கிட்டத்தட்ட 12,000 வரிகள். லாமிங்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஹ்யூ பிரெய்ட்ஃபூட்டின் மகளும் வாரிசுமாக அந்தப் பெண்ணை நமக்கு அறிமுகப்படுத்துவது இந்தக் காவியம்தான். மரியன் என்ற பெயர் பிற்கால அச்சுப் பதிப்புகள், மறுகதைகள் வழியாக எல்லோர் வாயிலும் நிலைத்தது.

ஹாரி சொல்லும் கதை இது. லனார்க்கின் ஷெரீஃப் ஹெசல்ரிக் ஏற்கெனவே அவளுடைய அண்ணனைக் கொன்றிருந்தான். இப்போது சொத்தோடு சேர்த்து அவளையும் தன் மகனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான். வாலஸ் அவளைத் தேவாலயத்தில் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறார். நாட்டைக் காக்க வேண்டியவன் பெண்ணாசையில் விழலாமா என்று தன்னோடு தானே போராடுகிறார். பிறகு திருமணம், ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் ஊருக்குள் ஆங்கிலேயரோடு கைகலப்பு. அவள் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, வாலஸையும் கூட்டாளிகளையும் பின்பக்கமாகத் தப்பவிடுகிறாள். அவர்கள் கார்ட்லண்ட் பாறைகளுக்கு ஓடுகிறார்கள். ஆத்திரமடைந்த ஹெசல்ரிக் அவளைக் கொல்கிறான். எப்படிக் கொன்றான் என்பதை ஹாரி சொல்லவில்லை. அந்த விஷயத்தில் தங்கி நிற்க முடியாது என்று நகர்ந்துவிடுகிறார். ரத்தத்தைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கிற கவிஞர் அவர். அவளுடைய மரணத்தில் மட்டும் பேசாமல் இருப்பதுதான் அந்தப் பகுதியை நெஞ்சில் நிற்க வைக்கிறது. நல்ல கவிஞர், அதை யாரும் மறுக்க முடியாது.

படத்தில் முரன் என்றுதானே பேர்? அது வேற ஆளா?

அதே ஆள்தான், பெயர் மட்டும் மாறிவிட்டது. ராபின் ஹுட் கதையில் வரும் மரியனோடு குழப்பம் வரக் கூடாது என்று மாற்றினார்கள் எனச் சொல்லப்படுகிறது. மாறியது பெயர் மட்டுமில்லை. ஹாரியின் காவியத்தில் அவள் நிலபுலம் உள்ள குடும்பத்து வாரிசு. படத்தில் கிராமத்துப் பெண். குழந்தை காணாமல் போய்விட்டது. சிறுவயதில் அவள் நீட்டும் முள்பூ, ரகசியத் திருமணம், ஊர் நடுவில் கட்டிவைத்துக் கழுத்தை அறுப்பது எல்லாம் திரைக்கதையின் சரக்கு.

ஹாரியிலிருந்து படத்துக்கு ஒரே தாவலாக வந்துவிடவில்லை. 1722இல் வில்லியம் ஹாமில்டன் ஹாரியின் பழைய மொழியை எளிதாக்கி ஒரு பதிப்பு கொண்டுவந்தார். ஸ்காட்லாந்து வீடுகளில் பைபிளுக்கு அடுத்தபடியாக இருந்த புத்தகம் அதுதான் என்பார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் சிறுவயதில் அதைப் படித்துத் தன் ரத்தமே சூடேறியதாக எழுதியிருக்கிறார். 1810இல் ஜேன் போர்ட்டர் எழுதிய நாவல் ஒன்றில் மரியன், சீமாட்டி வாலஸாக வந்து சாகிறாள். ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பிடித்த சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டிருக்கிறது.

கல்யாணமான முதல் ராத்திரி பிரபு வந்து பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று சட்டம் இருந்ததாமே? அதனால்தான் ரகசியத் திருமணம் என்று படத்தில் வருகிறது.

அப்படி ஒரு சட்டத்தை எட்வர்ட் ஸ்காட்லாந்தில் போட்டதற்கு ஆதாரமே இல்லை. இந்தக் கதையை ஸ்காட்லாந்தில் பரப்பியவர் ஹெக்டர் போயஸ் என்ற வரலாற்றாசிரியர், 1527இல். ஈவன் என்ற மிகப் பழங்கால ஸ்காட்லாந்து அரசன் அப்படி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தான், பின்னாளில் மால்கம் மன்னர் தன் மனைவி சொல் கேட்டு அதை நீக்கிப் பணம் கட்டும் முறையாக மாற்றினார் என்று எழுதிவைத்தார். அந்த ஈவனே கற்பனை அரசன். குடியானவர் வீட்டில் பெண்ணுக்குத் திருமணம் என்றால் நிலக்கிழாருக்கு ஒரு தொகை கட்டவேண்டும் என்ற வழக்கம் மட்டும் நிஜமாக இருந்தது. எதற்காக இந்தப் பணம் என்று யோசித்த பிற்காலத்தவர்கள் ஒரு ஆபாசக் கதையைக் கட்டிவிட்டார்கள்.

கவனியுங்கள், போயஸ் கதையிலும் அதைச் செய்தது ஸ்காட்லாந்து அரசன்தான். ஆங்கிலேயன் தலையில் கட்டியது சினிமா.

அவளைக் கொன்ற ஷெரீஃப் ஹெசல்ரிக்காவது உண்மையா?

உண்மை. வில்லியம் ஹெசல்ரிக் லனார்க்கில் எட்வர்டின் ஷெரீஃபாக இருந்தவர். அவரை வாலஸ் கொன்றதும் உண்மை. 1305இல் வாலஸ் மீது சுமத்திய குற்றங்களில் அது தெளிவாக இருக்கிறது.

இதைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு. அன்று ஹெசல்ரிக்குடன் தாமஸ் கிரே என்ற ஆங்கில வீரர் இருந்தார். வாலஸின் ஆட்கள் இரவில் பாய்ந்தார்கள். சண்டையில் விழுந்த கிரேயைச் செத்துவிட்டார் என்று நினைத்து, துணிமணியை உருவிவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்தில் இரண்டு வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் அம்மணமாகக் கிடந்த மனிதர் அந்தச் சூட்டில்தான் இரவு முழுக்க உயிர் பிழைத்தார். விடிந்ததும் அடையாளம் கண்டு தூக்கிப்போய்க் காப்பாற்றினார்கள். அவருடைய மகன், அவர் பெயரும் தாமஸ் கிரேதான், 1355இல் ஸ்காட்லாந்துக்காரர்களிடம் பிடிபட்டு எடின்பரோ கோட்டையில் கைதியாக இருந்தபோது எழுதத் தொடங்கிய வரலாற்று நூலில் இதெல்லாம் இருக்கிறது. அப்பா சொல்லிக் கேட்ட மகன் எழுதியது. ஆனால் அதில் பெண் இல்லை.

ஷெரீஃப் செத்தது உண்மைன்னா, மனைவிக்காகப் பழிவாங்கினார் என்பதும் உண்மையாத்தானே இருக்கணும்? காரணமில்லாமலா கொன்றார்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒரு சம்பவம் உண்மை என்பதால் அதற்குச் சொல்லப்படும் காரணமும் உண்மையாகிவிடாது. காரணம் வேண்டுமென்றால் 1297இல் ஏராளமாகக் கிடைக்கிறது. எட்வர்ட் பிரான்சுடன் போருக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பணம், ஆள், கம்பளி எல்லாம் தேவைப்பட்டன. ஸ்காட்லாந்தின் வருவாயைக் கவனித்த கிரெசிங்ஹம் என்ற கருவூல அதிகாரியை மக்கள் மனதார வெறுத்தார்கள். அதே மாதங்களில் வடக்கே ஆண்ட்ரூ மரே தனியாகக் கிளர்ந்து கோட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எந்த ஷெரீஃபும் மனைவியைக் கொன்றதாகக் கதை இல்லை; ஆனாலும் வாளெடுத்தார்.

இங்கிலாந்துப் பக்கம் லானர்காஸ்ட் மடத்தோடு தொடர்புடைய பழைய வரலாறு ஒன்று, கிளாஸ்கோ பிஷப் விஷார்ட்டும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற பெருந்தலையும் சேர்ந்து வாலஸைத் தூண்டிவிட்டார்கள் என்கிறது. எதிராளி எழுதியது, வசவும் அதில் உண்டு. வாலஸைக் கொள்ளைக்கூட்டத் தலைவன் என்கிறது. ஆனாலும் லனார்க் சம்பவம் ஒரு தனி மனிதரின் ஆத்திரம் மட்டுமில்லை, நாடு தழுவிய கிளர்ச்சியின் ஒரு பகுதி என்பது இதிலிருந்து புரிகிறது. ஹாரி இந்த அரசியலை ஒதுக்கிவிட்டு ஒரு காதலை அந்த இடத்தில் வைத்தார். கேட்பவர் கண்ணில் தண்ணீர் வர வேண்டுமே, கம்பளி வரிக்கு யார் அழுவார்கள்?

ஹாரி மீது ஏன் இவ்வளவு அவநம்பிக்கை? பழைய ஆள்தானே, நம்மைவிட அவருக்குத் தெரிந்திருக்காதா?

வாலஸ் இறந்து சுமார் 170 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியவர். நேரில் பார்த்தவர்களையோ அவர்களுடைய பேரப்பிள்ளைகளையோகூட அவர் சந்தித்திருக்க முடியாது. வாலஸுடன் இருந்த ஜான் பிளேர் என்ற பாதிரியார் எழுதிய லத்தீன் நூலைப் பார்த்துத்தான் பாடுகிறேன் என்கிறார். அந்த நூலின் ஒரு தாளைக்கூட இதுவரை யாரும் கண்டதில்லை.

சரிபார்க்க முடிந்த இடங்களில் ஹாரி எப்படித் தேறுகிறார் என்று பாருங்கள். வாலஸின் அப்பா பெயர் மால்கம் என்கிறார். ஸ்டர்லிங் வெற்றிக்குப் பிறகு, 1297 அக்டோபர் 11 அன்று வாலஸும் மரேயும் ஜெர்மானிய வணிக நகரங்களான லூபெக்குக்கும் ஹாம்பர்க்குக்கும் ஒரு கடிதம் அனுப்பினார்கள்: எங்கள் துறைமுகங்கள் திறந்திருக்கின்றன, வந்து வியாபாரம் செய்யுங்கள் என்று. அதில் தொங்கும் வாலஸின் முத்திரை அவரை 'ஆலனின் மகன்' என்கிறது. சொந்த அப்பா பெயரை முத்திரையில் தப்பாகப் பொறித்துக்கொள்ள மாட்டார் அல்லவா? தலைவனின் அப்பா பெயரையே கோட்டைவிட்டவர் மாமனார் பெயரைச் சரியாகச் சொல்லியிருப்பார் என்று எப்படி நம்புவது?

இன்னொன்று. வாலஸ் இங்கிலாந்துக்குள் வெகுதூரம் படையெடுத்துப் போனதாகவும், ஆங்கில ராணியே கூடாரத்துக்கு வந்து சமாதானம் கேட்டதாகவும் ஹாரி பாடுகிறார். எட்வர்டின் முதல் மனைவி எலினோர் 1290இல் இறந்துவிட்டார். இரண்டாவது மனைவி மார்கரெட்டை மணந்தது 1299இல். வாலஸ் படை நடத்திய 1297-98இல் இங்கிலாந்துக்கு ராணியே கிடையாது.

அப்போ ஹாரி வேண்டுமென்றே பொய் சொன்னாரா?

அவர் வரலாற்றுப் பாடநூல் எழுதவில்லை. அவையில் பாடிக் காட்டக் காவியம் கட்டினார். அவரை ஊக்குவித்தவர்களாக இருவரை அவரே குறிப்பிடுகிறார். அதில் ஒருவர் கிரெய்கி ஊரின் சர் வில்லியம் வாலஸ், அதே குடும்பப் பெயர்க்காரர். அதோடு 1474இல் ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் ஜேம்ஸ் இங்கிலாந்தோடு உடன்பாடு செய்து, தன் மகனுக்கு ஆங்கில மன்னரின் மகளை நிச்சயம் செய்திருந்தார். அந்தச் சமரசம் பிடிக்காதவர்கள் நிறைய. ஆங்கிலேயனை நம்பாதே என்று உரக்கச் சொல்ல, கொலை செய்யப்பட்ட ஒரு மனைவியைவிடப் பொருத்தமான பாத்திரம் எது?

இந்தச் சந்தேகம் இன்றைய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1521இல் வரலாறு எழுதிய ஜான் மேஜர், தன் சிறுவயதில் ஹாரி என்ற பிறவிக்குருடர் வாலஸ் கதையைப் பாடியதைச் சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட எழுத்துகளைத் தான் ஓரளவுக்குத்தான் நம்புவதாகச் சொல்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இதைச் சொல்லிவிட்டார். நாம் சொன்னால் மட்டும் சிலருக்குக் கோபம் வருகிறது.

அப்படின்னா அந்தப் பெண் முழுக்க ஹாரியின் கற்பனைதானே?

இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இரண்டாவது பதிலில் 1420 என்று சொன்னேனே, அது ஆண்ட்ரூ விண்டன் என்ற துறவி செய்யுளில் எழுதிய ஸ்காட்லாந்து வரலாறு. லெவன் ஏரித் தீவில் இருந்த மடத்தின் தலைவர் அவர். லனார்க் தெருவில் ஆங்கிலேயர் வாலஸை வம்புக்கு இழுக்கிறார்கள், வாள்வீச்சு நடக்கிறது, காதலி அவரைத் தன் வீட்டுக்குள் விட்டுப் பின்வழியே அனுப்புகிறாள், ஷெரீஃப் வந்து அவளைப் பிடித்துக் கொல்கிறார், அன்றிரவே வாலஸ் ஆட்களோடு திரும்பி வந்து ஷெரீஃபை முடிக்கிறார். எலும்புக்கூடு முழுவதும் விண்டனிடம் இருக்கிறது. ஹாரி அதற்குச் சதை வைத்தார்.

வாலஸின் வீரச்செயல்களைப் பற்றிப் பெரிய பெரிய பாட்டுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றும் விண்டன் எழுதுகிறார். ஆக, 1420க்கு முன்பே வாய்மொழிப் பாடல்கள் உலவியிருக்கின்றன. லனார்க் பெண் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதே நேரம், விண்டனுக்கு முந்தைய ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் ஜான் ஃபோர்டன், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதியவர், ஷெரீஃப் கொலையைச் சொல்கிறார், பெண்ணைச் சொல்லவில்லை. கிரேயும் சொல்லவில்லை என்று பார்த்தோம். அவள் உண்மையாக இருந்து அவர்கள் விட்டிருக்கலாம். ஆங்கிலப் படைவீரர் ஒருவர் தன் அதிகாரி ஒரு பெண்ணைக் கொன்றதை மகனிடம் பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டார். அல்லது பாடகர்கள் பிறகு சேர்த்திருக்கலாம். அவள் உண்மையாக இருந்தாள் என்ற பக்கம் நான் கொஞ்சம் சாய்கிறேன், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

மனைவியா காதலியா, அதில் என்ன பெரிய வித்தியாசம்?

ஹாரிக்குப் பெரிய வித்தியாசம். அவருடைய வாலஸ் கிட்டத்தட்டப் புனிதர். அப்படிப்பட்டவருக்கு ஊருக்கு ஒரு தொடுப்பு என்றால் சரிப்படாது. முறையான திருமணம், நல்ல குடும்பம், தேவாலயத்தில் முதல் சந்திப்பு எல்லாம் அதற்காகவே. இன்னொன்றும் கவனிக்கலாம்: இதே காவியத்தில் பெர்த் நகரத்தில் வாலஸுக்கு வேறொரு காதலி வருகிறாள். ஆங்கிலேயரிடம் அவரைக் காட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டு, கடைசி நேரத்தில் மனம் மாறி எச்சரிக்கிறாள். வாலஸ் அவளுடைய உடையை மாட்டிக்கொண்டு தப்புகிறார். இவளைப் பற்றிப் படமும் எடுக்கவில்லை, பலகையும் வைக்கவில்லை, பாவம்.

லனார்க்கில் அவர்கள் வாழ்ந்த வீடு, கல்யாணம் நடந்த தேவாலயம் எல்லாம் இருக்கிறதே? பலகையே வைத்திருக்கிறார்களே?

லனார்க்கில் செயின்ட் கென்டிகர்ன் தேவாலயத்தின் இடிபாடு இருக்கிறது. அங்கேதான் இருவரும் சந்தித்தார்கள், மணந்தார்கள் என்பது ஊர் வழக்கு. லாமிங்டன்காரர்களைக் கேட்டால் திருமணம் எங்கள் ஊரில் என்பார்கள். காஸில்கேட் தெருவில் வாலஸ் வீடு இருந்த இடம் என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். செயின்ட் நிக்கலஸ் தேவாலயத்தின் முகப்பில் 19ஆம் நூற்றாண்டில் வைத்த வாலஸ் சிலை நிற்கிறது. இடிபாடு நிஜம், தெரு நிஜம். ஆனால் அந்த இடங்களோடு அவர்களை முடிச்சுப்போடுவது, கதை பரவிய பிறகு வந்த ஊர்ப்பெருமை. அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கார்ட்லண்ட் பாறைகள் பக்கம் நடந்து பார்த்தால், ஓடி ஒளிய ஹாரி ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று புரியும்.

வாலஸுக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் வழியில் இன்றும் வாரிசுகள் இருக்கிறார்கள் என்கிறார்களே?

ஹாரி அந்த மகளை ஷா என்பவருக்குக் கட்டிக்கொடுத்து, அவள் வழியில் நல்ல மனிதர்கள் வந்தார்கள் என்று முடித்துவிடுகிறார். லாமிங்டனைப் பல தலைமுறைகள் வைத்திருந்த பெய்லி குடும்பத்தின் மரபுக்கதையோ, லாமிங்டன் வாரிசுப் பெண் தங்கள் குடும்பத்துக்குத்தான் வாழ்க்கைப்பட்டு வந்தாள் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

ஹாரி எழுதிய காலத்தில் லாமிங்டன் பெய்லிகளின் கையில்தான் இருந்தது. அவர்களை மகிழ்விக்கவே கதாநாயகியை அந்த ஊர்க்காரியாக்கினார் என்று சந்தேகிக்கிறவர்கள் உண்டு. நிலத்துக்கு ஒரு வீரப் பரம்பரையும் சேர்ந்து கிடைத்தால் எந்தப் பண்ணையார் வேண்டாம் என்பார்? வாலஸின் நேரடி வாரிசு என்று இணையத்தில் விற்கப்படும் வம்சாவளிகள் எல்லாம் கடைசியில் போய் நிற்பது ஹாரியிடம்தான். காசைக் கொட்ட வேண்டாம்.

ராபர்ட் புரூஸின் மனைவியைப் பற்றி எல்லாம் தெரிகிறது. வாலஸ் மனைவியைப் பற்றி மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை?

புரூஸ் பெரும் பிரபு, பிறகு ஸ்காட்லாந்து அரசர். அவருடைய மனைவி எலிசபெத் அல்ஸ்டர் பிரபுவின் மகள். 1306இல் பிடிபட்டு இங்கிலாந்தில் காவலில் வைக்கப்பட்டார். 1314இல் பானக்பர்ன் வெற்றிக்குப் பிறகுதான் விடுதலை. அவரை எங்கே வைப்பது, யார் கூட இருப்பது என்பதற்கெல்லாம் எட்வர்டின் உத்தரவுகள் இருக்கின்றன. புரூஸுக்கு முடிசூட்டிய பக்கன் பிரபுவின் மனைவி இசபெல்லை பெரிக் கோட்டையில் கூண்டு கட்டி அடைத்தார்கள். புரூஸின் தங்கை மேரிக்கு ராக்ஸ்பரோவில் இன்னொரு கூண்டு. அந்தக் கூண்டுகளை எப்படிச் செய்ய வேண்டும் என்ற உத்தரவே கிடைக்கிறது. இந்தப் பெண்களை நாம் அறிவது அவர்களைச் சிறைவைத்தவர்களின் காகிதங்கள் வழியாகத்தான்.

வாலஸ் சிறு நிலக்காரக் குடும்பத்தவர், அதிலும் மூத்த மகன் இல்லை என்பார்கள். அந்தத் தரத்து ஆட்களின் திருமணம், சொத்துத் தகராறு நீதிமன்றத்துக்கு வந்தாலொழிய பதிவாகாது. அதனால் ஆவணம் இல்லை என்பதை வைத்து அவர் மணம் முடிக்கவே இல்லை என்றும் சாதிக்க முடியாது. ஆனால் பிரெய்ட்ஃபூட் கதையில் ஒரு சிக்கல் உண்டு: அவள் சொத்துக்கு வாரிசு என்கிறார் ஹாரி. வாரிசுப் பெண் என்றால் காகிதத்தில் ஏறும் வாய்ப்பு அதிகம். ஏறவில்லை.

பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவும் வாலஸும் காதலித்தார்களா? படத்தில் அவள் வயிற்றில் அவர் குழந்தை என்று வருகிறதே.

இசபெல்லா பிறந்தது 1295 வாக்கில். வாலஸ் இறந்தபோது பத்து வயதுச் சிறுமி, இருந்தது பிரான்சில். முதலாம் எட்வர்டின் மகன் இரண்டாம் எட்வர்டை மணந்தது 1308இல். இதற்கு மேல் பதில் தேவையில்லை. ஆனால் சமாதானம் பேச வரும் அரச குலப் பெண் என்ற எண்ணத்துக்கு விதை போட்டவர் ஹாரிதான். மேலே சொன்ன அந்த இல்லாத ராணி.

விசாரணையிலாவது வாலஸ், என் மனைவியைக் கொன்றதால்தான் கொன்றேன் என்று சொன்னாரா?

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்ததை விசாரணை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். குற்றங்கள் வாசிக்கப்பட்டன, எதிர்வாதத்துக்கு இடமில்லை, அன்றே தண்டனை, அன்றே நிறைவேற்றம். எட்வர்டுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காத நான் எப்படித் துரோகி ஆவேன் என்று மட்டும் அவர் மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. ஹெசல்ரிக் ஷெரீஃபாக நீதிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோது வாலஸ் தாக்கிக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. எதற்காக என்று அதை எழுதியவர்கள் ஏன் எழுதப்போகிறார்கள்? தங்கள் ஷெரீஃப் ஒரு பெண்ணைக் கொன்றிருந்தால் அதை மறைக்கத்தான் பார்ப்பார்கள். ஆகவே இந்த மௌனத்தை வைத்து இரண்டு பக்கமும் வாதாட முடியாது.

ஆனால் ஷெரீஃப் உடலைத் துண்டு துண்டாக வெட்டினார் என்றும் அதே குற்றச்சாட்டில் இருக்கிறதே? அது சொந்தப் பகை இல்லாமல் யாராவது செய்வார்களா?

இதுவரை நான் கேட்டதிலேயே நல்ல வாதம் இதுதான். உடலைச் சிதைத்தார் என்று இருப்பது உண்மை. உள்ளே ஏதோ தனிப்பட்ட வெறி இருந்திருக்கிறது என்று தோன்றுவதும் இயல்பு.

ஆனால் நான்கு மாதம் தள்ளி ஸ்டர்லிங் பாலத்துக்கு வாருங்கள். மேலே சொன்ன கருவூல அதிகாரி கிரெசிங்ஹம் அங்கே கொல்லப்பட்டார். அவருடைய தோலை உரித்து ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டார்கள் என்றும், வாலஸ் ஒரு பட்டையை எடுத்துத் தன் வாளுக்கு வார் செய்துகொண்டார் என்றும் ஆங்கில வரலாறுகள் சொல்கின்றன. வெறுக்கப்பட்ட ஓர் அதிகாரி கையில் சிக்கினால் அந்தப் போரில் நடந்தது அதுதான். கிரெசிங்ஹம் வாலஸ் வீட்டுப் பெண் யாரையும் தொட்டதாக ஹாரிகூடப் பாடவில்லை.